நூற்று முப்பத்தேழாம் அட்டை

நூற்று முப்பத்தேழு கிடைத்துவிட்டது என்று ரூடி ஹாவ்லிக் சமையலறைக்குள் வந்து சொன்னபோது, அவன் மனைவி டோலி உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"இத எத்தனாவது தடவ சொல்ற?"

"இந்தத் தடவ நிஜமாவே, டோலி. டொலிடோ அட்டைச் சந்தையில கிடைச்சுது. இங்க பாரு."

டோலி பார்த்தாள். நான்கு மூலையிலும் திருகு போட்டு இறுக்கிய கனத்த பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே ஒரு பேஸ்பால் அட்டை. அட்டையில் ஆல்வின் ஸ்ட்ரூபி என்ற, பந்து பிடிக்கும் மாற்று ஆட்டக்காரனின் படம். இரண்டு காதும் தொப்பிக்கு வெளியே நின்றன. மூன்று வருடம் பெரிய அணியில் இருந்தான், அதில் முக்கால்வாசி நாள் பெஞ்சைத் தேய்த்தான். அவ்வளவுதான் அவன் சரித்திரம்.

"இந்தக் காதுக்காரனுக்கா பதினஞ்சு வருஷம் அலைஞ்ச?" என்றாள்.

"காதுக்காரனா முக்கியம்? செட் முடிஞ்சுது டோலி. முடிஞ்சுது!"

அறுபத்தைந்து வயது ஆள், பள்ளிக்கூட பஸ் பட்டறையில் முப்பது வருடம் எண்ணெயில் ஊறியவன், அடுப்படியில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். டோலி மத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் முதுகில் ஒரு தட்டு தட்டினாள்.

அட்டை சேர்ப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம், பெரிய நட்சத்திரங்களின் அட்டையை மட்டும் தேடி, பெட்டகத்தில் பூட்டி, விலை ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும். அவர்களை விடுங்கள். இன்னொரு ரகம் செட்காரர்கள். ஒரு வருடம் ஒரு கம்பெனி போட்ட அட்டை அத்தனையும் வேண்டும், ஒன்று முதல் கடைசி வரை, வரிசையாக. ஊரே கொண்டாடிய பந்து வீச்சாளனுக்கும் ஒரு இடம்தான், பெஞ்ச் தேய்த்த ஸ்ட்ரூபிக்கும் ஒரு இடம்தான். ஒன்று குறைந்தாலும் செட் இல்லை. ரூடி இந்த ரகம். இது ஒரு வியாதி, இதற்கு மருந்து கிடையாது.

அவன் சேர்த்தது ஐம்பத்து நான்காம் வருடத்து ஸ்கைலார்க் செட். எங்கள் ஏரிக்கரைப் பக்கத்துச் சின்ன பபுள்கம் கம்பெனி அது. ஒரே ஒரு கோடைகாலம் பபுள்கம் பொட்டலத்தோடு அட்டை போட்டது, அடுத்த வருடம் கடையைச் சாத்தியது. மொத்தம் நூற்றி எண்பது அட்டை. அதில் இந்த நூற்று முப்பத்தேழு அச்சுத்தாளின் ஓரத்து மூலையில் இருந்ததாம். வெட்டும்போது கோணிக்கொண்டு போய் பாதிக்கு மேல் குப்பைக்குப் போயிற்றாம். மிச்சத்தைப் பையன்கள் சைக்கிள் சக்கரத்தில் செருகி, படபடவென்று சத்தம் வர ஓட்டித் தீர்த்தார்கள். அதனால்தான் காதுக்காரனுக்கு இத்தனை கிராக்கி.

எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் அசல் நூற்று முப்பத்தேழு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ரூடியின் தம்பி மெல்லிடம் இருந்தது. கோளாறே அதுதான்.

அண்ணனும் தம்பியும் சிறுவயதில் வீடு வீடாகப் பேப்பர் போட்டு, அந்தக் காசில் சேர்ந்து வாங்கிய செட் அது. நூற்றி எண்பதும் முழுசாக இருந்தது. ஊரில் மற்ற அம்மாக்கள் எல்லாம் மகன் பட்டாளத்துக்குப் போன மறுநாளே அட்டைகளைக் குப்பையில் கொட்டினார்கள். ஹாவ்லிக் அம்மா மட்டும் கொட்டவில்லை. சுருட்டுப் பெட்டியில் போட்டு, தன் கட்டிலுக்கு அடியில் நாற்பது வருடம் வைத்திருந்தாள். மெல் டெட்ராயிட்டில் வேலைக்குப் போனான். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வருவான், வந்ததும் கட்டிலடியில் குனிவான். ரூடி பக்கத்துத் தெருவிலேயே இருந்து அம்மாவுக்கு மருந்து வாங்கிக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தான்.

அம்மா போனாள். அடக்கம் முடிந்து சாப்பாட்டு மேசையில் உறவுக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது, மெல் அந்தப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். ரூடிக்கு எங்கிருந்து வந்ததோ, வாயை விட்டான்.

"நீ அம்மாவப் பாக்க வந்தியா, அட்டையப் பாக்க வந்தியா? எப்பவும் அட்டையத்தானடா பாக்க வருவ."

மெல் தட்டுகளை ஒதுக்கிவிட்டு, அட்டைகளை இரண்டு குவியலாகப் போட ஆரம்பித்தான். ஒற்றைப்படை எண் ஒரு பக்கம், இரட்டைப்படை எண் ஒரு பக்கம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நூற்றி எண்பது வரைக்கும் நிதானமாகப் போட்டான். போட்டு முடித்து, இரட்டைப்படையை ரூடி பக்கம் தள்ளிவிட்டு, ஒற்றைப்படையை எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.

வீட்டைப் பிரித்தவர்களைப் பார்த்திருக்கிறோம், நிலத்தைப் பிரித்தவர்களைப் பார்த்திருக்கிறோம். முழுசாக இருந்த செட்டை ஒற்றை, இரட்டை என்று பிய்த்த புத்திசாலிகள் எங்கள் ஊரில் இவர்கள்தான். இருவரில் எவனுக்கும் எதுவும் உருப்படியாக இல்லை. அன்று முதல் ரூடி ஒற்றைப்படை தேடினான், மெல் இரட்டைப்படை தேடினான். மெல் டெட்ராயிட் வேலையை விட்டு ஊரோடு வந்து சேர்ந்த பிறகும் இதே கதைதான். கடைசியில் ரூடிக்கு நூற்று முப்பத்தேழும் மெல்லுக்கு எண்பத்தெட்டும் மட்டும்தான் பாக்கி என்று ஊரில் பேச்சு. எங்கள் அட்டைச் சங்கம் மாதா மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் கூடும். ரூடி காபி எந்திரத்துப் பக்கம் உட்காருவான், மெல் எதிர்க்கோடியில் கோட்டு மாட்டும் இடத்தில் உட்காருவான். பார்த்தால் தலையாட்டுவார்கள். அவ்வளவுதான் பேச்சு.

ரூடியின் மனதில் இருந்ததை மறைக்க ஒன்றுமில்லை, ஊருக்கே தெரியும். மெல்லின் தயவில்லாமல் செட்டை முடிக்க வேண்டும். மெல்லுக்கு முன்னால் முடிக்க வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் போதும், கண்ணை மூடலாம் என்பான்.

இப்போது நடந்துவிட்டது. ஆனால் எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. செட் முடித்தவன் சும்மா முடித்தேன் என்று சொன்னால் ஆகாது. கூடத்தில் மேசைகளை ஒட்டிப் போட்டு, உறை, பெட்டி எதுவும் இல்லாமல் வெறும் அட்டையாக அத்தனையையும் வரிசையாக விரிக்க வேண்டும். கடைசியாகக் கிடைத்த அட்டைக்கு மட்டும் இடத்தைக் காலியாக விட வேண்டும். அந்த அட்டையை முடித்தவன் தன் கையால் வைக்கக் கூடாது. அவன் கேட்டுக்கொள்கிற இன்னொருவர் வைப்பார். வைத்தால்தான் செட். வைத்த அட்டையை அன்றைக்கு யாரும் எடுக்கக் கூடாது. பிறகு முடித்தவன் செலவில் சாப்பாடு.

"யாரு வைக்கப் போறா?" என்று டோலி கேட்டாள்.

"கோனியக் கேக்கலாம்னு இருக்கேன்." கோனிதான் சங்கத்தின் தலைவி. பத்துப் பதினைந்து செட் முடித்தவள், வாயும் அந்த அளவுக்கு உண்டு.

"கோனிய எதுக்கு?"

"பின்ன யாரு?"

டோலி அவனை ஒரு பார்வை பார்த்தாள். "உனக்குத் தெரியும் யாருன்னு."

"அவனா? செத்தாலும் மாட்டேன்."

"சரி. அப்போ பியரோகியும் கிடையாது. முப்பது பேருக்கு நீயே மாவு பிசைஞ்சு, நீயே உருட்டி, நீயே அவிச்சுக்கோ. நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்."

"என்ன டோலி இது, சின்னப்புள்ளத்தனமா..."

"யாரு, நானா? ஒத்தை ரெட்டை போட்டுப் பிரிச்ச ஆளுங்க என்னையச் சொல்றீங்களா? போன எடு, மனுஷா."

போனை எடுத்தான். எடுத்து வைத்தான். மறுபடி எடுத்தான். டோலி கை கட்டிக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் மணி அடித்து மெல் எடுத்தான்.

"மெல். நான்தான்."

"தெரியுது. யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல. ஸ்கைலார்க் முடிஞ்சிருச்சு. வர்ற ஞாயிறு விரிக்கிறேன். நீ வந்து..." ரூடி டோலியைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். "நீ வந்து கடைசிய வைக்கறியா?"

"எது கடைசி?"

"நூத்தி முப்பத்தேழு."

"எங்க கிடைச்சுது?"

"டொலிடோல. புதுசா ஒரு வியாபாரி. மூலை நாலும் கத்தி மாதிரி இருக்கு. உன்னோடதவிட நல்லாருக்கும்."

"பெட்டிய திறந்து பாத்தியா?"

"எனக்குச் சொல்லிக் குடுக்காத. வர்றியா, மாட்டியா?"

"வரேன்" என்றான் மெல். "மணி?"

"பூச முடிஞ்சதும்."

போனை வைத்த பிறகு ரூடிக்கு வேர்த்திருந்தது. டோலி மாவு டப்பாவை இறக்கினாள்.

மெல் கேட்டது சரியான கேள்வி. ரூடி திறந்து பார்க்கவில்லை. எந்த அட்டையைக் கையில் எடுத்தாலும் விரலால் தடவி, விளிம்பைச் சுண்டி, நாயைப் போல முகர்ந்து பார்ப்பவன், இதை மட்டும் அப்படியே பெட்டியோடு வாங்கிக்கொண்டு வந்தான். மூலைகள் அத்தனை கூர்மை. திருகைக் கழற்றும்போது கை நடுங்கி ஒரு மூலை மடங்கிவிட்டால்? பதினைந்து வருடத் தேடல் ஒரு நொடியில் பாழ். ஞாயிற்றுக்கிழமை திறந்தால் போதும் என்று விட்டுவிட்டான். இந்தப் பைத்தியக்காரத்தனம் எங்களில் எவனும் செய்யக்கூடியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. சும்மா சொல்லக்கூடாது, டோலி அசத்திவிட்டாள். கொழுக்கட்டை மாதிரி அவித்த உருளைக்கிழங்கு பியரோகி, முட்டைக்கோஸ் பியரோகி, மேலே வெண்ணெயில் வதக்கிய வெங்காயம், கொல்பாசி சாசேஜ். அடுப்படியிலிருந்து வந்த வாசனையில் பாதிப் பேர் அட்டைப் பக்கமே வரவில்லை. ரூடி மட்டும் விடிகாலையிலேயே வந்து, கையைத் தேய்த்துக் கழுவித் துடைத்துவிட்டு, ஒவ்வொன்றாக விரித்திருந்தான். நீல ஓரம் போட்ட சின்னச் சின்ன அட்டைகள், ஆறு மேசை நீளத்துக்கு. நூற்று முப்பத்தாறுக்கும் நூற்று முப்பத்தெட்டுக்கும் நடுவில் ஒரு காலி இடம்.

மெல் வந்தான். ரூடியைவிட உயரம், ஒல்லி. அம்மாவின் அடக்கத்துக்குப் போட்ட அதே சாம்பல் நிறக் கோட்டைப் போட்டிருந்தான்.

மெல் முதல் அட்டையிலிருந்து ஆரம்பித்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே நகர்ந்தான். சில இடத்தில் நின்றான், சில இடத்தில் சிரித்தான்.

"இந்த நாப்பத்திரண்டு, நீ காபி கொட்டினது."

"கொட்டினது நீ."

"நானா? பொய் சொல்லாத. அம்மா உன் காதத் திருகினா, ஞாபகம் இல்ல?"

ரூடிக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இந்த இருவரும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி யாரும் கேட்டதில்லை. கோனி வாயில் வைத்த டோனட்டை விழுங்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

காலி இடத்துக்கு வந்ததும் ரூடி பிளாஸ்டிக் பெட்டியையும் சின்னத் திருப்புளியையும் நீட்டினான். மெல் கைக்குட்டையை மேசையில் விரித்து, நான்கு திருகையும் மெதுவாகக் கழற்றி, மேல் மூடியைத் தூக்கினான். அட்டையை ஓரத்தைப் பிடித்து எடுத்தான். கட்டைவிரலால் பின்பக்கத்தை ஒரு தடவு தடவினான். பிறகு முகர்ந்தான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பிடித்து, மறுபடி முகர்ந்தான்.

இரண்டாவது தடவை முகர்ந்தபோதே ரூடிக்கு விளங்கிவிட்டது. ஸ்கைலார்க் அட்டை ஐம்பது வருடம் ஆனாலும் லேசாகப் பழைய பபுள்கம் வாடை அடிக்கும். பின்பக்கம் சொரசொரவென்று இருக்கும். ஒரு தடவைக்கு மேல் முகர வேண்டியதே இல்லை.

மெல் மற்றவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அண்ணன் காதருகே சொன்னான். "ரூடி. இது அசல் இல்ல."

ரூடி அட்டையை வாங்கினான். வழவழவென்று இருந்தது. மெலிசாக இருந்தது. போன வாரம் அச்சடித்தது போல ஒரு மை நாற்றம். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறவன் என்று பெயர் எடுத்தவன், ஒரு வியாபாரியின் டைக்கும் கோட்டுக்கும் ஏமாந்து நின்றான். அவமானத்தில் அவன் காது இரண்டும் சூடாகிவிட்டன.

"என்ன ஆச்சு? சீக்கிரம் வைங்கப்பா, பியரோகி ஆறுது!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

மெல் குரலை உயர்த்தவில்லை. "உன் இஷ்டம். வைக்கச் சொன்னா வச்சுடறேன். நான் வாயத் திறக்க மாட்டேன். சத்தியமா."

வைத்துவிட்டால் என்ன? யார் குனிந்து காதுக்காரனை முகரப் போகிறார்கள்? கைதட்டுவார்கள், சாப்பிடுவார்கள், சங்கத்துச் சுவரில் அவன் பெயர் ஏறும். வீட்டுக்குப் போய்ப் பெட்டியை மூடிவிட்டால் ஆயிற்று. ரூடி நிஜமாகவே யோசித்தான், அதை மறைப்பானேன். ஆனால் மெல்லுக்குத் தெரியும். மெல்லுக்குத் தெரிந்த பிறகு அது என்ன செட்? அதைவிட, வாயைத் திறக்க மாட்டேன் என்று மெல் சொன்னால் திறக்க மாட்டான் என்பது ரூடிக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதுதான் அவனை என்னவோ செய்தது.

ரூடி திரும்பினான். தொண்டையைச் செருமினான்.

"எல்லாரும் கேளுங்க. இது போலி. நான் ஏமாந்துட்டேன். பெட்டியத் திறக்காம வாங்கின முட்டாள் நான். செட் முடியல. மன்னிச்சிடுங்க."

அடுப்படிக் கதவருகே டோலி, கரண்டியும் கையுமாக, முகம் வெளுத்து நின்றாள். கோனிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அதனால என்ன? என்னை ஏமாத்தாத வியாபாரி இந்த மாகாணத்துலயே கிடையாது. வாங்க, சாப்பிடலாம். சாப்பாடு அசல்தானே, டோலி?"

ஜனங்கள் சிரித்துக்கொண்டே நகர ஆரம்பித்தார்கள். ரூடி அந்தப் போலி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றான். முடிந்தது என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தான். அழுகை வரும்போலிருந்தது. தம்பி முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

மெல் கோட்டுக்குள் கையை விட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு மெல்லிய உறையை எடுத்தான். உறைக்குள்ளிருந்து ஒரு அட்டை. ஒரு மூலை மழுங்கி, நடுவில் ஒரு கோடு விழுந்து, நீல ஓரம் வெளுத்துப்போன பழைய ஸ்ட்ரூபி. சிறுவயதில் இருவரும் பிரித்த பொட்டலத்திலிருந்து வந்தவன்.

"இத எதுக்கு எடுத்துட்டு வந்த?" என்றான் ரூடி.

"உன்னோடது நல்லாருக்கா, என்னோடது நல்லாருக்கான்னு பாக்கத்தான்." மெல் கூசாமல் சொன்னான். "கத்தி மாதிரி மூலைன்னு பீத்திக்கிட்டியே."

சொல்லிக்கொண்டே குனிந்து, காலி இடத்தில் அதை வைத்தான். விரலால் லேசாகத் தள்ளி நேராக்கினான்.

"டேய். என்னடா பண்ற? எடு அத."

"நூத்தி எண்பதுல ஒண்ணு மட்டும் ஓட்டையா இருந்தா எனக்குக் கண்ணு உறுத்துது."

"எடுடாங்கறேன்! அது உன்னோடது!"

சத்தம் கேட்டுக் கோனி திரும்பி வந்தாள். மேசையைப் பார்த்தாள். குனிந்து முகர்ந்தாள். நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் எப்போதும் போல அதட்டல்தான்.

"வச்சது வச்சதுதான். இன்னிக்கு யாரும் கை வைக்கக் கூடாது. ரூடி ஹாவ்லிக், ஐம்பத்து நாலு ஸ்கைலார்க், முழு செட்! கைதட்டுங்கய்யா, சாப்பாட்டு ராமனுங்களா!"

தட்டைக் கீழே வைத்துவிட்டு எல்லாரும் தட்டினார்கள். ரூடி நூற்றி எண்பதையும் பார்த்தான். ஒரு ஓட்டையும் இல்லை. இதைப் பார்க்கத்தானே பதினைந்து வருடம்? சந்தோஷம் வந்தது, வராமல் இல்லை. ஆனால் கால் தானாக மெல்லைத் தேடிப் போயிற்று.

மெல் கோட்டு மாட்டும் இடத்தில், தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்து, தட்டு நிறைய பியரோகி வைத்துக்கொண்டு தின்றுகொண்டிருந்தான். ரூடி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தான். அந்தக் கோடியில் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"மெல். அன்னிக்கு அம்மா அடக்கத்துல நான் சொன்னது..."

"சாப்பிடு. ஆறிடும்."

"சொல்ல விடுடா. நான் சொன்னது தப்பு. எனக்கு அப்பவே தெரியும். வாயில வந்துருச்சு."

"கொஞ்சம் நிஜமும் இருந்துச்சு. நான் இன்னும் அடிக்கடி வந்திருக்கணும்." மெல் முள்கரண்டியால் ஒரு பியரோகியைக் குத்தினான். "விடு."

ரூடி விட்டான். விட்டதும் வேறு கவலை பிடித்துக்கொண்டது. செட்காரன் புத்தி எங்கே போகும்?

"உனக்கு ஏற்கனவே எம்பத்தெட்டு இல்ல. இப்போ இதுவும் போச்சு. ரெண்டு ஓட்டை."

"ஒண்ணுதான்."

"எம்பத்தெட்டு?"

"அது கிடைச்சுது. ஒரு வீட்டு ஏலத்துல."

"எப்போ?"

"நாலு வருஷம் ஆச்சு."

ரூடி மனதுக்குள் கூட்டிப் பார்த்தான். எண்பத்தெட்டு நாலு வருடத்துக்கு முன்னால் கிடைத்திருந்தால், மெல்லிடம் குறைந்த அட்டை ஒன்றுகூட இல்லை. சற்றுமுன் சட்டைப் பையிலிருந்து ஸ்ட்ரூபியை எடுக்கும்வரை மெல்லின் செட் முழுசு. அண்ணன் முந்துகிறேன் முந்துகிறேன் என்று ஓடிக்கொண்டிருந்தபோது, தம்பி எப்போதோ போய்ச் சேர்ந்து சும்மா உட்கார்ந்திருக்கிறான்.

"அடப்பாவி. முடிச்சுட்டு நாலு வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையா? கொண்டாந்து விரிக்க வேண்டியதுதானே?"

"விரிச்சா கடைசிய வைக்க ஆள் வேணும்ல."

"ஏன், கோனி வச்சிருப்பாளே. கேட்டா உடனே வருவா."

"வருவா." மெல் வாயைத் துடைத்துக்கொண்டான். "கோனி என் அண்ணன் இல்லையே, ரூடி."

நாலு வருடம். நாற்பத்துச் சொச்சம் ஞாயிற்றுக்கிழமைகள், இதே கூடத்தில், இந்தக் கோடியில் ஒருவன் முழு செட்டை வீட்டில் வைத்துக்கொண்டு, அந்தக் கோடியில் உட்கார்ந்திருப்பவன் எழுந்து வருவானா என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். ரூடி எங்கே வந்தான்? காபி வாங்க எழுந்ததுதான் மிச்சம். தான் எத்தனை பெரிய கழுதை என்று ரூடிக்கு அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது. இந்தத் தடவை பல்லைக் கடித்தும் பயனில்லை, கண்ணிலிருந்து கொட்டிவிட்டது. மெல் பேப்பர் நாப்கினை அவன் பக்கம் தள்ளிவிட்டு, நாசூக்காக மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கே அத எடுத்து உன்கிட்ட குடுத்துடறேன்" என்றான் ரூடி.

"குடுத்தா உன்னோடது ஓட்டை. திருப்பி முதல்லேர்ந்தா? வேண்டாம் சாமி."

"அப்போ உனக்கு வேற ஒண்ணு தேடணும்."

"எங்க தேடறது? பதினஞ்சு வருஷம் தேடி உனக்குக் கிடைச்ச லட்சணத்தத்தான் பாத்தோமே."

"நான் தனியா தேடினேன்." ரூடி மூக்கைச் சிந்தினான். "சனிக்கிழமை ஆக்ரன்ல சந்தை இருக்கு. ஆறு மணிக்கு வாசல்ல நில்லு, வண்டி எடுத்துட்டு வரேன். கிடைச்சதும் நீ விரி. நான் வந்து வைக்கிறேன்."

"பெட்டியத் திறந்து பாத்துட்டுத்தான் வாங்கணும்."

"சரிடா."

"முகர்றது நான்."

"சரிடா சரி."

சனிக்கிழமை ரூடி ஆறு மணிக்குச் சொன்னவன் ஐந்தே முக்காலுக்கே போய்விட்டான். மெல் ஏற்கனவே வாசலில் நின்றுகொண்டிருந்தான், கையில் இரண்டு காபியோடு.